எந்த ஊர்க்காரர் இவர்?

குன்னூருக்குக் கீழே, தேயிலைச் சரிவுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு சின்னஞ்சிறு படிப்பகம். ஞாயிறு மாலை அங்கே தோழர்கள் கூடித் தொலைக்காட்சிப் பெட்டியிலே ஒரு படம் பார்த்தார்கள். நாமும் உடனிருந்தோம். கதைப் படமல்ல. 'குவீன்' என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் வரலாற்றை பி.பி.சி. நிறுவனம் 2011-ஆம் ஆண்டிலே இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பியது. அந்த ஆவணப் படத்தைத்தான் இளைஞர்கள் தேடிப் பிடித்துக் கொணர்ந்திருந்தார்கள். வெளியே மூடுபனி, உள்ளே காதைத் துளைக்கும் முழக்கம்!

கொழுந்து பறிப்போருக்கும், தொழிற்சாலையிலே இலை வாட்டுவோருக்கும், இலண்டன் பாட்டுக்காரனைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நாமும் அப்படி எண்ணிக்கொண்டுதான் போய் உட்கார்ந்தோம். ஆனால் படம் முடிந்து விளக்கு எரிந்ததும், பின்வரிசையிலே போர்வைக்குள் ஒடுங்கியிருந்த மூத்த தோழர் ஒருவர் கேட்ட கேள்வி, அன்றிரவு நம்மைத் தூங்கவிடவில்லை. அவர் இலங்கையின் மலையகத் தோட்டமொன்றிலே பிறந்தவர். 1970-களில் குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு, மண்டபம் முகாமிலே படுத்தெழுந்து, நீலகிரி வந்து சேர்ந்தவர். அவர் கேட்டது இதுதான்: குழுவின் நடுநாயகமாக நின்று பாடினாரே அந்த மீசைக்காரர், அவருக்குச் சொந்த ஊர் எது?

ஊர் எது என்று கேட்பதிலே என்ன புதுமை என்பீர்கள். வேரோடு பெயர்த்தெடுக்கப்பட்டவன் கேட்கும்போதுதான் அந்தக் கேள்விக்குக் கூர்மை வருகிறது! படமோ, குழு தோன்றிய பிறகு நடந்தவற்றையே பெரிதும் காட்டுகிறது. ஆகவே விடையை வேறிடங்களிலே தேடினோம். தேடிக் கண்டதைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

உலகம் அறிந்த பெயர் ஃபிரெட்டி மெர்க்குரி. பெற்றோர் இட்ட பெயர் பரோக் புல்சாரா. தந்தை போமி, தாய் ஜெர், இருவரும் பார்சிகள். குஜராத்திலே இன்று வல்சாட் என்று வழங்கும் புல்சார் என்ற ஊர்தான் அந்தக் குடும்பப் பெயருக்கு மூலம். ஆனால் அவர் பிறந்தது அங்கேயும் அல்ல. ஆப்பிரிக்காவின் கீழ்க்கரைக்கு அப்பால், இந்துமாக்கடலிலே கிடக்கும் சான்சிபார் தீவிலே, 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தார். தந்தைக்கு அங்கே பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ்க் காசாளர் உத்தியோகம்.

சான்சிபார் எப்படிப்பட்ட இடம் என்பதை நம் தோழர்களுக்கு விளக்கவும் வேண்டுமோ! இங்கே தேயிலை, அங்கே கிராம்பு. பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் அராபியர் வசம். பாடுபட்டவர்கள் கறுப்பின மக்கள். கடையும் கணக்கும் இந்தியர் கையில். எல்லோருக்கும் மேலே வெள்ளைக்கார அதிகாரி. துரை, கண்டக்டர், கங்காணி, கூலி என்று நம் மலைகளிலே படிப்படியாக அடுக்கி வைத்தார்களே, அதே அடுக்குதான்! புல்சாரா வீட்டார் அந்த அடுக்கிலே நடுப்படியில் இருந்தவர்கள். வீட்டிலே வேலையாள் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. இதை மறைத்துவிட்டு, ஏழைக் குடிலிலே பிறந்த ஏந்தல் என்று புனைந்துரைக்க நாம் விரும்பவில்லை.

எட்டு வயதிலே பையனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள், படிப்புக்காக. மராட்டிய நாட்டின் பாஞ்ச்கனியிலே உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி. பாஞ்ச்கனி, நமது நீலகிரி நிற்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலே இருக்கிறது. வெயில் தாங்காத வெள்ளையர் உதகையைப் பிடித்தார்கள், ஏரி வெட்டினார்கள், 1858-இலே லாரன்ஸ் பள்ளியைத் தொடங்கினார்கள். அதே கதைதான் பாஞ்ச்கனியிலும். லவ்டேல் பள்ளி வேலிக்கு வெளியே நின்று, கோட்டுப் போட்ட பிள்ளைகள் வரிசையாகப் போவதை வேடிக்கை பார்த்த நம்மவர் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த வரிசையிலே போன பிள்ளைகளும் அழுதார்கள் என்பது நமக்குத் தெரியாமற் போயிற்று. எட்டு வயதுக் குழந்தை, தாய்க்கும் தனக்கும் நடுவே ஒரு கடல். விடுமுறைக்குப் பம்பாயிலே அத்தை வீடு.

மேல்வாயிலே நான்கு பற்கள் கூடுதலாக முளைத்ததால் முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. பள்ளிப் பையன்கள் கேலிப் பெயர் சூட்டாமல் விடுவார்களா? சூட்டினார்கள். பின்னாளிலே கோடி கோடியாகப் பணம் புரண்டபோதும் அந்தப் பற்களை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் குரல் மாறிவிடுமோ என்ற அச்சம்! ஃபிரெட்டி என்ற செல்லப் பெயர் வந்ததும் அந்தப் பள்ளியிலேதான். பியானோ பயின்றதும் அங்கேதான். பன்னிரண்டு வயதிலே நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து 'ஹெக்டிக்ஸ்' என்றொரு குழு அமைத்துப் பள்ளி விழாக்களிலே வாசித்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவிலே பாட்டுக்கு வேறொரு பையன். பிற்காலத்திலே உலகை ஆட்டிவைத்த குரலுக்குச் சொந்தக்காரன் ஓரமாக உட்கார்ந்து பியானோ தட்டிக்கொண்டிருந்தான்.

படிப்பு முடித்துத் தீவுக்குத் திரும்பிச் சிறிது காலம்தான் ஆகியிருக்கும். 1963 டிசம்பரில் பிரிட்டிஷார் வெளியேறினர். சுல்தானின் ஆட்சி எஞ்சியது. 1964 சனவரி 12-ஆம் நாள் புரட்சி வெடித்தது. உழைத்தவன் எழுந்ததற்குக் காரணம் இருந்தது. அதை நாம் மறுக்கமாட்டோம். ஆனால் எழுந்த கை அராபியர் மீதும் இந்தியர் மீதும், குற்றம் செய்தவன் யார் செய்யாதவன் யார் என்று பாராமல் விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அடுக்கை அமைத்தவன் கப்பலேறிப் போய்விட்டான். அடுக்கின் நடுப்படியிலே நின்றவன் அடி வாங்கினான். புல்சாரா குடும்பம் கையிலே கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போயிற்று. பரோக்கிற்கு அப்போது 17 வயது.

1964! இந்த ஆண்டைப் படித்ததும் நமக்கு மூத்த தோழர் நினைவு வந்தது. அதே 1964 அக்டோபர் 30-ஆம் நாள்தான் புதுடில்லியிலே சிரிமாவோ பண்டாரநாயகாவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இலங்கைத் தேயிலையை உண்டாக்கிய நம் மக்களை, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கி வைத்திருந்தார்களே, அவர்களை எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று! மூட்டையை எடைபோட்டுப் பிரிப்பவர்கூட இன்னும் கொஞ்சம் கவனமாகப் பிரிப்பார். அப்படி வந்தோரைக் குடியமர்த்தத்தான் 1968-இலே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது; அதுவே பிறகு 'டேன்டீ' ஆயிற்று. வந்தவர்களுக்குச் சர்க்கார் தந்த பெயர், தாயகம் திரும்பியோர். ஊரார் வைத்த பெயர், சிலோன்காரர். இலங்கையிலே இந்தியாக்காரன், இந்தியாவிலே சிலோன்காரன்!

புல்சாராக்களின் நிலை அவ்வளவு கொடிதல்ல. அவர்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. இலண்டனுக்கு மேற்கே, விமான நிலையத்துக்கு அருகே, ஃபெல்தம் என்ற ஊரிலே ஒரு சிறு வீடு. தீவிலே வேலையாள் வைத்து வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை, விடுமுறை நாட்களிலே ஹீத்ரோ விமான நிலையத்திலே பயணிகளின் பெட்டி தூக்கினார். கிடங்கிலே சரக்குப் பெட்டி அடுக்கினார். ஈலிங் ஓவியக் கல்லூரியிலே படித்து 1969-இலே பட்டயம் பெற்றார். கென்சிங்டன் சந்தையிலே பழந்துணிக் கடை போட்டார்.

அந்நாளைய இங்கிலாந்து எப்படியிருந்தது தெரியுமா? 1968-இலே, கென்யாவிலிருந்து இந்திய வம்சத்தார் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வரத் தொடங்கியதும், தொழிற்கட்சி அரசு - ஆம், தொழிலாளர் பெயரைச் சொல்லி ஆண்ட அரசேதான் - மூன்றே நாட்களில் சட்டம் இயற்றிக் கதவைச் சாத்தியது. அடுத்த ஓரிரு மாதத்திலே ஈனாக் பவல் என்ற பழைமைக் கட்சித் தலைவர், வந்தேறிகளால் நாடு நாசமாகும் என்று மேடையேறி முழங்கினார். பழுப்பு நிறத்தவனைத் தெருவிலே வைத்து வசைபாடுவது அன்றாட வாடிக்கை.

அந்த ஊரிலே, அந்தக் காலத்திலேதான், 1970-ஆம் ஆண்டு வாக்கில், பரோக் புல்சாரா என்ற பெயர் ஃபிரெட்டி மெர்க்குரி ஆயிற்று. பிரையன் மே, ரோஜர் டெய்லர் என்ற இருவரோடு குழு கண்டார்; மறு ஆண்டு ஜான் டீக்கன் சேர்ந்தார். குழுவுக்கு 'அரசி' என்று பொருள்படும் பெயரைத் தேர்ந்தவரும், சின்னத்தை வரைந்தவரும் இவரே. பேட்டி காண வருவோர் பிறப்பு வளர்ப்புப் பற்றிக் கேட்டால், பட்டும் படாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது அவர் வழக்கமாயிற்று. சான்சிபாரும் பாஞ்ச்கனியும் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டப்பட்டன. கோழைத்தனம் என்று சொல்வோரும் உண்டு. சாதி தெரிந்துவிடுமே என்று ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லி வாடகை வீடு பிடித்தவர்களை அறிந்த நமக்கு, அப்படிச் சொல்ல நா எழவில்லை.

குழு ஏறிய கதையைப் படமே நன்றாகச் சொல்கிறது, நாம் நீட்டுவானேன்! ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தொடக்கத்திலே அவர்களோடு ஒப்பந்தம் போட்ட நிறுவனம், இசைத்தட்டுகள் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தபோதும் நால்வருக்கும் சொற்ப வாரச் சம்பளமே தந்தது. செலவையெல்லாம் கடனாக அவர்கள் தலையிலே எழுதிக்கொண்டு வந்தது. இலங்கைத் தோட்டங்களிலே இருந்த துண்டு முறை தெரியுமல்லவா? கங்காணியிடம் பட்ட கடன் துண்டுச் சீட்டிலே ஏறிக்கொண்டே போகும். தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. அதே தந்திரம், குளிர்ந்த அறையிலே, வழக்கறிஞர் எழுதிய தாளிலே! பெரும் தொகை கட்டித்தான் 1975-இலே விடுபட்டார்கள். அந்த ஆண்டே 'பொகீமியன் ராப்சடி' வெளிவந்தது. மெர்க்குரி எழுதியது, ஏறத்தாழ ஆறு நிமிடப் பாட்டு, இவ்வளவு நீளத்தை வானொலி ஏற்காது என்று வியாபாரிகள் தலையாட்டினார்கள். பிரிட்டனிலே ஒன்பது வாரம் முதலிடம்! 1977-இலே அவர் எழுதிய 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' பாட்டைக் கால்பந்துத் திடல்களிலே தொழிலாளி மக்கள் தோளோடு தோள் சேர்த்துப் பாடினார்கள், இன்றும் பாடுகிறார்கள்.

புகழ், பணம், மாளிகை, இரவெல்லாம் விருந்து. இவற்றை நாம் பாராட்டவில்லை. பட்டியல் போடவும் விரும்பவில்லை. ஆனால் அடுத்து வருவதை எழுதாமல் விட்டால், தோழர்களை ஏமாற்றியவர்களாவோம்.

1984 அக்டோபர். தென்னாப்பிரிக்காவிலே நிறவெறி ஆட்சி. மண்டேலா சிறையிலே. அந்த நாட்டோடு எந்தக் கலைஞனும் உறவு கொள்ளலாகாது என்று ஐக்கிய நாடுகள் சபை புறக்கணிப்பு விடுத்திருந்தது. பிரிட்டனின் இசைக் கலைஞர் சங்கம், உறுப்பினர் எவரும் அங்கே போய் வாசிக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தது. மெர்க்குரி பிறந்த அதே 1946-இலே, தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தை அறுத்துக்கொண்ட முதல் நாடு இந்தியா என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். இவ்வளவையும் மீறிக் குவீன் குழு போயிற்று. சன் சிட்டி என்ற சூதாட்ட உல்லாச நகரிலே மேடையேறிப் பாடியது!

நம் இயக்கத்திலே இதற்குச் சொல் ஒன்று உண்டு: கருங்காலி. வேலைநிறுத்தத்தன்று மறியலைத் தாண்டிக் கொழுந்து பறிக்கப் போனவனை என்னவென்று அழைத்தோமோ, அதையேதான் இங்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய பாட்டுக்காரன் என்பதற்காகச் சொல் மாறாது. பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் பட்டினி கிடந்து வேலைநிறுத்தம் நடத்திய அதே மாதங்களிலே இது நடந்தது!

இன்னொன்றும் உண்டு; அதுதான் நம் நெஞ்சைத் தைத்தது. சன் சிட்டி நின்ற இடத்துக்குப் பெயர் போபுதாட்சுவானா. கறுப்பின மக்களை அவர்கள் பிறந்த நாட்டுக்கு அந்நியராக்க வேண்டும். அதற்கு நிறவெறி ஆட்சி கண்டுபிடித்த வழி, சில துண்டு நிலங்களைக் கிழித்து அவற்றுக்குத் தனி நாடு என்று பெயர் சூட்டுவது. 1977-இலே போபுதாட்சுவானா சுதந்திர நாடு என்று அறிவித்து, சுவானா மக்களின் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையைப் பறித்தார்கள். 1948-இலே கொழும்பிலே நடந்தது என்ன? அதேதான்! நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் மண்ணிலே கட்டிய சூதாட்ட மண்டபம். அதிலே பாடியவர் யார்? பிறந்த தீவை இழந்தவர். நிறத்துக்காக வசை கேட்ட ஊரிலே பெயரை மாற்றிக்கொண்டவர். அவருக்கா தெரியாது?

சங்கம் அபராதம் விதித்தது. ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலிலே குழுவின் பெயர் ஏறியது. எங்களுக்கு அரசியல் இல்லை, கேட்க விரும்புவோர் எவருக்கும் பாடுவோம் என்றனர் குழுவினர். அரசியல் இல்லை என்பவன் யாருடைய அரசியலுக்குப் பந்தல் போடுகிறான் என்று நம் தோழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளியொன்றுக்கு அங்கே அவர்கள் உதவினார்கள் என்பதும் உண்மை, அதையும் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறு பல பாடகர்கள் ஒன்றுகூடி, சன் சிட்டியை எதிர்த்தே ஒரு பாட்டு வெளியிட்டார்கள்.

அந்தக் கறை காயுமுன்னே வந்தது 1985 சூலை 13. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட இலண்டன் வெம்பிளித் திடலிலே மாபெரும் இசை விழா. ஏறக்குறைய 72,000 பேர் திடலிலே. உலகெங்கும் தொலைக்காட்சி முன்னே கோடிக்கணக்கானோர். குவீனுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். படத்திலே இந்தக் காட்சி வந்தபோது, படிப்பகத்திலே பேச்சு நின்றது. ஒற்றை ஆள், கையிலே உடைந்த ஒலிவாங்கித் தண்டு. அவர் குரல் எழுப்பினால் திடல் குரல் எழுப்புகிறது, அவர் கை உயர்த்தினால் கடல் போலக் கைகள் உயர்கின்றன! கூட்டத்தைக் கட்டும் கலை நம் மேடைகளுக்குப் புதிதல்ல. ஆனாலும் இப்படி ஒருவர் கட்டியதை நாம் கண்டதில்லை என்று ஒப்புக்கொள்கிறோம். மறு ஆண்டு, அங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலே, அந்நாட்டு மக்களின் நாட்டுப்பாடல் ஒன்றை அவர்கள் மொழியிலேயே பாடினார். சொற்கள் மறக்காதிருக்க உள்ளங்கையிலே எழுதி வைத்துக்கொண்டு! தம் தாய்மொழியிலே மேடையேறிப் பாடாதவர், பிறர் மொழியைக் கையிலே எழுதிப் பாடினார்.

1986 ஆகஸ்ட் 9-ஆம் நாள் நெப்வொர்த்திலே பாடியதுதான் அந்தக் குழுவோடு அவர் நடத்திய கடைசி நிகழ்ச்சி. 1987-இலே எய்ட்ஸ் நோய் உறுதியாயிற்று. ஆண்களையும் காதலித்தவர் அவர். அந்நாளைய இங்கிலாந்தின் பத்திரிகைகள் அதை மோப்பம் பிடித்துக்கொண்டு வாசலிலே காத்துக் கிடந்தன. நோயை அவர் மறைத்தார், பாட்டை நிறுத்தவில்லை. 1991 மே மாதம்வரை ஒலிப்பதிவுக் கூடத்திலே நின்று பாடினார். கடைசிப் பாட்டின் இறுதிப் பகுதியைப் பாட உடல் இடம் தரவில்லை. மீதியைப் பின்னாளிலே பிரையன் மே பாடி முடித்தார்.

முன்பே சொல்லியிருந்தால் ஆயிரம் நோயாளிக்குத் தைரியம் வந்திருக்குமே என்று குறை கூறுவோர் உண்டு. குறை நியாயமானதே. ஆனால் நம் நாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 1986-இலே சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும், பாலியல் தொழிலாளரிடம் எடுத்த இரத்த மாதிரிகளிலே இந்தியாவின் முதல் எய்ட்ஸ் கிருமியைக் கண்டறிந்தனர். அதற்குப் பிறகு நம் ஊர்களிலே என்ன நடந்தது? தட்டைத் தனியே வைத்தோம். பிள்ளைகளைப் பள்ளியிலே சேர்க்க மறுத்தோம். பிணத்தைத் தூக்க ஆளில்லை. வாய் திறந்தால் இதுதான் கூலி என்றிருந்த காலத்திலே, வாய் மூடியிருந்தவரை நாம் எந்த முகத்தோடு குறை சொல்வது?

1991 நவம்பர் 23-ஆம் நாள், தமக்கு நோய் இருப்பதை அறிக்கையாக வெளியிட்டார். மறுநாள் மாலை காலமானார். வயது 45. மீண்டும் வெளியிடப்பட்ட அவரது பழைய பாட்டு மறுபடியும் முதலிடம் ஏறியது. அந்த வருவாய் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான அறநிலையத்துக்குப் போயிற்று. 2003 நவம்பர் 29-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரிலே, எய்ட்ஸ் ஒழிப்புக்காக மண்டேலாவின் சிறை எண்ணைப் பெயராகக் கொண்ட விழா நடந்தது. மேயும் டெய்லரும் அந்த மேடையிலே வாசித்தார்கள். அதைக் காண மெர்க்குரி இல்லை.

அவரது இறுதிச் சடங்கிலே, வாழ்நாளெல்லாம் பூட்டி வைத்த பெட்டி திறந்தது. இலண்டன் தகனச்சாலையிலே பார்சிக் குருமார் வந்து பண்டைய மொழியிலே மந்திரம் ஓதினார்கள். போமியும் ஜெரும் உட்கார்ந்திருக்க, மேடையிலே ஃபிரெட்டியாக இருந்தவர் பரோக்காகப் போனார். சாம்பலை நெருங்கிய தோழி ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார். எங்கே சேர்க்கப்பட்டது என்பது வெளியிடப்படவில்லை.

இத்தனையையும் அடுத்த ஞாயிறு படிப்பகத்திலே சொன்னோம். சான்சிபாரா, புல்சாரா, பாஞ்ச்கனியா, ஃபெல்தமா என்று இளைஞர்களுக்குள்ளே வாதம் கிளம்பிற்று. ஃபெல்தம் வீட்டின் சுவரிலே 2016 செப்டம்பரில் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்; அவருடைய தங்கைதான் திறந்து வைத்தார். அந்தப் பலகையின் படத்தை ஓர் இளைஞர் கைப்பேசியிலே எடுத்துக் காட்டினார். மெர்க்குரி என்று பெரிதாக. அதன் கீழே புல்சாரா என்ற பெயரும். மூத்த தோழர் கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, இரண்டு பெயரையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். தம்முடைய குடும்ப அட்டையிலே பிறந்த ஊர் என்ற இடத்தில் இலங்கைத் தோட்டத்தின் பெயர் இன்னும் இருக்கிறது என்றார். இரும்புப் பெட்டியிலே பத்திரமாக வைத்திருக்கிறாராம். மறுநாள் காலை மஸ்டர் என்பதால் இளைஞர்கள் எழுந்தார்கள். பனியிலே வழி தெரியவில்லை. டார்ச் அடித்துக்கொண்டு, அவரை நடுவே விட்டு, லைன் வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தோம்.